பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' மறுபதிப்பு: நடுங்குவது குரலா, தட்டா?

தூறல்

வணக்கம். அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1958-ல் பாடிய 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தின் எல்பி இசைத்தட்டு மறுபதிப்பு பத்து நாளைக்கு முன்னால் கைக்கு வந்தது. 180 கிராம் தட்டு, ஸ்டீரியோ. இத்தனை வருடமாக ஃபோனில் ஹெட்போன் மாட்டிக் கேட்ட ஆல்பம். ஒருநாள் தட்டில் போட்டு, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் முழுசாகக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

முதல் பாட்டில் வயலின்கள் எழும்பி அடங்கி, அவர் குரல் உள்ளே வந்ததும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு பக்கத்தில் கேட்டது. ஆனால் பாட்டுகள் போகப் போக ஏதோ உறுத்த ஆரம்பித்தது. நீட்டிப் பிடிக்கிற சுரங்களில் எல்லாம் ஓர் அலை. மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வரும் 'க்ளாட் டு பி அன்ஹாப்பி', 'ஐல் பி அரௌண்ட்' இரண்டிலும் தலை சுற்றுகிற அளவுக்கு இருக்கிறது.

இந்த ஆல்பம் பதிவானபோது அவர் குரல் உடைந்து போயிருந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஃபோனில் இவ்வளவு தெரிந்ததில்லை. பெரிய ஸ்பீக்கரில் கேட்பதால் இப்போதுதான் உண்மை தெரிகிறதா, இல்லை என் தட்டில் கோளாறா?

இன்னொன்று. ஃபோனில் பன்னிரண்டு பாட்டு இருந்தது. தட்டில் பதினொன்றுதான். 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' காணவில்லை. ஏன்?

பழைய_ஷெல்லாக்

குரல்தான் தூறல். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நான் இந்த ஆல்பத்தை மூன்று முறை வாங்கி மூன்று முறையும் கொடுத்துவிட்டேன். 1935-லிருந்து 1942 வரை அவர் பாடியவற்றைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைத் தாங்க முடியவில்லை. டெடி வில்சன் பியானோவில் இருக்க, பிரன்ஸ்விக், வோகேலியன் நிறுவனங்களில் வந்த அந்த மூன்று நிமிடத் தட்டுகள்! 1937 ஜனவரியில் லெஸ்டர் யங் சாக்ஸபோனோடு வந்து சேர்ந்த பிறகு எது குரல், எது சாக்ஸபோன் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும். அப்போது அவருக்குப் பாடக் கிடைத்ததில் பாதிக்கு மேல் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸுக்காக அவசரத்தில் எழுதின சாதாரணப் பாட்டுகள். அவற்றை மெட்டை மாற்றி, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தங்கி, தூக்கி நிறுத்தினார். இருபத்திரண்டு வயதுப் பெண்.

1958-ல் அதே பெண்ணுக்கு 42 வயது. 1947-ல் போதைப்பொருள் வழக்கில் சிறை. வெளியே வந்தபின் நியூயார்க்கில் மது விற்கும் விடுதிகளில் பாட அனுமதி அட்டை கிடையாது. அதற்குமேல் ஹெராயின், குடி. குரல் வறண்டு, வீச்சு சுருங்கிவிட்டது. அந்தக் குரலைச் சுற்றி வயலின், ஹார்ப், கூட்டுக்குரல் என்று தேனை ஊற்றியிருக்கிறார்கள். நீங்கள் கேட்கிற நடுக்கம் அதுதான்.

ஊசிமுனை

கொஞ்சம் பொறுங்கள். தட்டைப் பார்க்காமலே குரலின் மேல் பழியைப் போட வேண்டாம்.

தூறல், இரண்டு கேள்வி. முதலாவது, அலை குரலில் மட்டும் இருக்கிறதா, வயலினிலும் பியானோவிலும் இருக்கிறதா? ஹாலிடேயின் குரல் நடுங்கினால் பியானோ ஏன் நடுங்க வேண்டும்? பியானோவில் அடித்த சுரம் அடித்த இடத்திலேயே நின்று தேய்ந்து போகும். அது வளைந்து கேட்டால் அவர் மேல் குற்றமே இல்லை. மால் வால்ட்ரன்தான் இதில் பியானோ. அவர் வருகிற இடங்களைத் தேடிக் கேளுங்கள்.

இரண்டாவது, அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது? எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டின் துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளிப்போயிருந்தால் ஊசிக்குக் கீழே பள்ளம் ஒரு பாதிச் சுற்றில் வேகமாகவும் மறுபாதியில் மெதுவாகவும் ஓடும். அதனால் சுருதி 1.8 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும், கடிகாரம் மாதிரி. மனிதக் குரலின் அசைவு அப்படி இருக்காது. ஒரு விநாடிக்குள்ளேயே ஐந்தாறு முறை அசையும்.

கடைசிப் பாட்டுகளில் மோசம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் வந்ததே அங்கேதான். துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருப்பதாக வையுங்கள். தட்டின் விளிம்பில், மையத்திலிருந்து பதினாலரை சென்டிமீட்டர் தூரத்தில், சுருதி ஆயிரத்தில் ஏழு பங்குதான் பிசகும். பலர் கவனிக்கவே மாட்டார்கள். உள்ளே ஆறு சென்டிமீட்டருக்கு வரும்போது அதே ஒரு மில்லிமீட்டர் ஆயிரத்தில் பதினேழு ஆகிவிடும். பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தில் கால்பங்குக்கும் மேல், மேலும் கீழுமாக. நீட்டிப் பிடிக்கிற வயலின் நிறைந்த ஆல்பத்தில் அதை மறைக்க வழியே இல்லை.

விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் நின்று டோன்ஆர்மின், அதாவது ஊசியைத் தாங்கும் கையின், தலையைப் பாருங்கள். உள்ளே நகர்வது சீராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடதும் வலதுமாக ஆடினால் துளைதான் காரணம்.

மோனோப்பித்து

பன்னிரண்டாவது பாட்டின் கதையை நான் சொல்கிறேன்.

'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' ஹாலிடேவுக்குப் பழக்கமில்லாத பாட்டு. ஆர்க்கெஸ்ட்ராவை முதலில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பிறகு அதன்மேல் அவர் பாடினார். அந்த வேலை மோனோ (இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி) டேப்பில் மட்டும் நடந்தது. ஸ்டீரியோவுக்குக் குரலோடு சேர்ந்த மாஸ்டர் (மூலப் பதிவு) இல்லை. அதனால் 1958-ல் வந்த மோனோ எல்பியில் பன்னிரண்டு, ஸ்டீரியோ எல்பியில் பதினொன்று. பழைய ஸ்டீரியோ தட்டை அப்படியே பின்பற்றும் மறுபதிப்புகளில் அந்தப் பாட்டு இருக்காது. உங்கள் தட்டில் விடுபட்டது பிழையில்லை.

1997-ல் வந்த சிடியில் அந்தப் பாட்டுக்காக அவர் பட்ட பாடு முழுக்க இருக்கிறது. தப்பாக எடுக்கிறார், நிறுத்துகிறார், பேசுகிறார், மறுபடி தொடங்குகிறார். தெரியாத பாட்டுக்குள் ஒரு பாடகி வழி தேடிக்கொண்டு போவதை அவ்வளவு கிட்டத்தில் நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

என் ஓட்டு மோனோவுக்குத்தான். ஸ்டீரியோவில் வயலின்கள் இரண்டு பக்கமும் விரிந்து நிற்க, அவர் நடுவில் தனியாக நிற்பதுபோலத் தோன்றும். மோனோவில் ஆர்க்கெஸ்ட்ரா அவருக்குப் பின்னால் போய்விடும். மோனோ தட்டு கிடைத்தால், ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திக் கேளுங்கள். மோனோ தட்டின் பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கும், மேலும் கீழுமான அசைவில் தூசும் இரைச்சலும்தான். அந்தப் பொத்தான் அதைக் கழித்துவிடும்.

கார்டீனியா

ஷெல்லாக் அண்ணா, உங்கள் காதை மதிக்கிறேன். லெஸ்டர் யங்கைப் பற்றி நீங்கள் முன்பு எழுதினதைப் படித்துத்தான் நான் அந்தப் பழைய தட்டுகளுக்கே போனேன். ஆனால் "தேனை ஊற்றியிருக்கிறார்கள்" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. யாரும் அவர்மேல் எதையும் ஊற்றவில்லை. அவர்தான் கேட்டார்.

இந்த ஆல்பத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா அமைத்த ரே எல்லிஸின் 'எல்லிஸ் இன் ஒண்டர்லேண்ட்' என்ற ஆர்க்கெஸ்ட்ரா ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இவரோடுதான் பாட வேண்டும் என்று பில்லியே கேட்டார். ஆல்பத்தை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தின் தயாரிப்பாளர் இர்விங் டவுன்சென்டுக்கு அது ஆச்சரியம். அழகான, மென்மையான ஓர் ஆல்பம் வேண்டும் என்று பில்லி திரும்பத் திரும்பச் சொன்னதாக டவுன்சென்ட் பின்னால் நினைவுகூர்ந்தார். சிறு குழுவோடு பாட ஆள் இல்லாமல் போகவில்லை. முந்தின வருடங்களில் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸுக்காக பென் வெப்ஸ்டர், ஹாரி எடிசன் போன்ற ஜாஸ் கலைஞர்களோடு பாடிய பாட்டுகளே ஆல்பம் ஆல்பமாக இருக்கின்றன. அதை விட்டுவிட்டு, நாற்பது பேர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால், தன் குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டு போய் நின்றார். தான் முன்பு பதிவே செய்யாத பாட்டுகளாக எடுத்துக்கொண்டார். பழைய வெற்றிகளைத் திருப்பிப் பாடியிருந்தால் இளம் குரலோடு ஒப்பிட்டிருப்பார்கள். இதில் ஒப்பிட எதுவும் கிடையாது.

அந்த 1958-லேயே ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் பழைய பில்லியா, இப்போதைய பில்லியா என்ற கேள்வி வந்தது. இப்போதைய பில்லியைக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும், இப்போது இன்னும் முதிர்ந்திருக்கிறார் என்று பதில் சொன்னார். பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும் அதே வருடம், தன்மேல் மிக அதிகம் தாக்கம் செலுத்தியவர் பில்லிதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஐம் எ ஃபூல் டு வான்ட் யூ'வை எழுதியவர்களில் சினாட்ராவும் ஒருவர். அந்தப் பாட்டை அவருக்கே திருப்பிக் கற்றுக்கொடுக்கிற மாதிரி பில்லி பாடியிருப்பதாக எனக்குப் படும்.

தூறல்

ஊசிமுனை சார், பார்த்துவிட்டேன். ஆடுகிறது!

இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சைத் தட்டுக்கு இணையாகப் பிடித்தேன். முதல் பக்கத்தில் லேசான ஆட்டம். இரண்டாம் பக்கத்தில் ஆர்மின் தலை, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகவே போய் வருகிறது. மொத்த வீச்சு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து அலை எண்ணினேன். 18 விநாடி. நீங்கள் சொன்னது அப்படியே.

பியானோவையும் தேடிக் கேட்டேன். வளைகிறது. ஹார்ப்பும் வளைகிறது. பத்து நாளாக அந்த மனுஷியைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

வேறு தட்டுகளைப் போட்டும் பார்த்துவிட்டேன், ஆட்டம் இல்லை. ஆக டர்ன்டேபிளில் குறை இல்லை. வாங்கின கடைக்கு வீடியோ அனுப்பியிருக்கிறேன். மாற்றித் தர முடியாதென்றால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, நடுவில் நகர்த்திவைத்துக் கேட்கலாமா? சிலர் அப்படிச் செய்கிறார்கள் என்று படித்தேன்.

ஊசிமுனை

இப்போது துளையில் கையே வைக்காதீர்கள். வைத்துவிட்டால் கடை திருப்பி எடுக்காது. அதைவிட, இரண்டு பக்கமும் ஆட்டம் ஒரே அளவாக இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அச்சிடும்போது இரு பக்கத்து ஸ்டாம்பர்களும் (தட்டை அழுத்தும் உலோக அச்சுகள்) வெவ்வேறு அளவில் விலகியிருக்கின்றன. துளையை ஒரு பக்கத்துக்குச் சரிசெய்தால் மறுபக்கம் கெட்டுப்போகலாம். மாற்றித் தரச் சொல்லி விடாமல் கேளுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். ஒரே தொகுதியில் அச்சான தட்டுகளில் இதே குறை பலவற்றில் இருக்கும். வேறு தொகுதியிலிருந்து தரச் சொல்லுங்கள்.

செல்லோக்காரி

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். நான் செல்லோ வாசிப்பவள், ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருக்கிறேன். வயலின்களைப் பற்றி இங்கே கொஞ்சம் அலட்சியமாகப் பேசுவதால் எழுதத் தோன்றியது.

தாளத்துக்குப் பின்னால் தங்கிப் பாடுகிற ஒருவருக்குப் பின்னணி வாசிப்பது லேசான காரியம் இல்லை. அவர் தாமதிக்கும்போது நம் கையும் தாமதிக்கத் துடிக்கும். நாற்பது பேரும் அப்படித் தாமதித்தால் பாட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அவர் எவ்வளவு பின்னால் போனாலும் நாம் நம் இடத்தில் உறுதியாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் பின்தங்குவதே கேட்பவருக்குத் தெரியும். 'யூவ் சேஞ்ட்' பாட்டை இப்படிக் கேட்டுப் பாருங்கள். வயலின்கள் ஒரே சீராக நடக்கின்றன. அவர் 'சேஞ்ட்' என்ற சொல்லைப் பிடித்து, கடைசியில் அதைக் கையிலிருந்து நழுவ விடுகிற மாதிரி விடுகிறார். அதற்குள் வயலின்கள் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். அவர் அவசரமே இல்லாமல் வந்து சேருவார். பாஸில் மில்ட் ஹின்டன், டிரம்ஸில் ஓஸி ஜான்சன். இந்த இருவரும் கீழே தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அந்தத் தைரியம்.

அந்த அறையும் ஒரு காரணம். நியூயார்க் 30-வது தெருவில் கொலம்பியாவின் ஸ்டூடியோ ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கூரை. வயலின் சத்தம் மேலே போய் ஒரு கணம் தங்கிவிட்டுத்தான் இறங்கும். மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' அடுத்த வருடம் பதிவானதும் அங்கேதான்.

கூட்டுக்குரல் மட்டும் எனக்கும் பிடிக்கவில்லை. அது இல்லாமலே இருந்திருக்கலாம்.

பழைய_ஷெல்லாக்

தட்டைப் பற்றி நான் சொன்னது தவறு. தூறலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், ஊசிமுனைக்கு நன்றி.

ஆனால் ஆல்பத்தைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். கார்டீனியா, அவரே கேட்டார் என்பது உண்மைதான். அதனால் நன்றாக வந்துவிட்டது என்று ஆகிவிடுமா? பதிவு முடிந்ததும் ரே எல்லிஸே அவர் பாடியதில் திருப்தியில்லை என்று நினைத்தாரே.

எனக்கு உள்ளே உறுத்துவது வேறு. பதிவின்போது அவர் ஜின் குடித்துக்கொண்டே பாடினார் என்று படித்திருக்கிறோம். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 1959 ஜூலை 17-ல் நியூயார்க் மருத்துவமனையில் இறந்துபோனார். 44 வயது. போலீஸ்காரரை வாசலில் நிறுத்தி, படுக்கையிலேயே கைதுசெய்து வைத்திருந்தார்கள். இதெல்லாம் தெரிந்து இந்த ஆல்பத்தைப் போடும்போது, ஒரு மனுஷி கண்ணெதிரே கரைந்துகொண்டிருப்பதை உட்கார்ந்து ரசிக்கிறோமோ என்று பயமாக இருக்கிறது. நாம் கொண்டாடுவது பாட்டையா, அவர் பட்ட துன்பத்தையா?

கார்டீனியா

அண்ணா, அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. லேசாக ஒதுக்கிவிட முடியாது.

ரே எல்லிஸ் சொன்னதன் மீதியையும் சேர்த்துப் பார்க்கலாம். கட்டுப்பாட்டு அறையில் கேட்டபோது திருப்தி இல்லை. அப்போது சுரத்தை மட்டும் கேட்டேன், உணர்ச்சியைக் கேட்கவில்லை. சில வாரம் கழித்து எல்லா ஒலியையும் சேர்த்து முடித்த பதிவைக் கேட்டபோதுதான் எவ்வளவு பெரிய வேலை என்று புரிந்தது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 'ஐம் எ ஃபூல் டு வான்ட் யூ'வைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது பில்லியின் கண்ணில் நீர் இருந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார்.

நான் அதில் துன்பத்தைத் தேடுவதில்லை. 'ஐ கெட் அலாங் விதவுட் யூ வெரி வெல்' ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்த பாட்டு. நீ இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வரியிலும் தன்னைக் காட்டிக்கொடுக்கிற பெண்ணின் பாட்டு. இனிய குரலில் எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். பெரும்பாலும் அழுகையை முதல் வரியிலேயே போட்டுவிடுவார்கள். பில்லி அப்படிச் செய்யவில்லை. நன்றாக இருக்கிறேன் என்பதை நிஜமாகவே நம்புகிற மாதிரி, கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போகிறார். மழையைப் பற்றிச் சொல்கிற இடத்தில் மட்டும் குரல் ஒரு நொடி மெலிகிறது. எந்தச் சொல்லில் எவ்வளவு பாரம் வைக்க வேண்டும் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒருவரை எப்படிக் கரைந்துகொண்டிருப்பவர் என்று மட்டும் பார்ப்பது? உடம்பு தளர்ந்திருந்தது. பாட்டின் மேல் இருந்த பிடி தளரவில்லை.

வரிகளின் கடைசியில் வரும் சின்ன வேகமான அசைவு 1937 தட்டுகளிலும் இருக்கிறது. நீங்கள்தான் அதை எனக்குக் காட்டினீர்கள்.

மோனோப்பித்து

1957 டிசம்பர் 8-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சியை ஷெல்லாக் அண்ணா பார்த்திருப்பார். இந்த ஆல்பத்துக்கு இரண்டு மாதம் முன்னால். லெஸ்டர் யங் எழுந்து நின்று ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார். எவ்வளவு குறைவான சுரங்கள்! பில்லி அவரையே பார்த்துக்கொண்டு தலையை மெல்ல அசைப்பார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு 'லேடி இன் சாட்டின்' வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. குறைத்துச் சொல்வது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் வந்தடைந்த மாதிரி இருக்கும்.

எல்பி_புதுசு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படித்துவிட்டு வாங்க ஆசையாக இருக்கிறது. தேடினால் ஏழெட்டுப் பதிப்பு வருகிறது. சில பாதி விலை. என்ன வித்தியாசம்?

ஊசிமுனை

ஐரோப்பாவில் 1962 முடிவதற்குள் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் 'லேடி இன் சாட்டின்' போன்றவற்றை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். மாஸ்டர் டேப் அவர்களிடம் இருக்காது. பெரும்பாலும் சிடியிலிருந்தோ வேறு டிஜிட்டல் கோப்பிலிருந்தோ தட்டின் பள்ளத்தை வெட்டுவார்கள். அதற்காக எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது, சில கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கவரில் போனஸ் பாட்டுகள் நாலைந்து சேர்த்திருந்தால் யோசியுங்கள். ஒரு பக்கத்தில் நேரம் கூடக்கூடச் சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும், கடைசிப் பாட்டுகள் தட்டின் நடுவில் உள்ள லேபிளை ஒட்டிப் போய்விடும். விளிம்பில் ஊசிக்குக் கீழே விநாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள்ளே அது பாதிக்கும் கீழே போய்விடும். குரலில் 'ஸ', 'ஷ' எல்லாம் கரகரக்கும். இப்படிக் காதோடு பேசுகிற பாடகிக்கு அது பெரிய நஷ்டம்.

அசல் டேப்பிலிருந்து வெட்டியது என்றால் வெளியிடுபவர்கள் கவரிலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஒன்றும் போடாமல் 180 கிராம் என்று மட்டும் இருந்தால், எடை மட்டும்தான் நிச்சயம்.

தூறல்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மாற்றுத் தட்டு நேற்று வந்தது, வேறு தொகுதி. கேட்பதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆர்மைத்தான் பார்த்தேன். கொஞ்சம் ஆடுகிறது, கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு. காதுக்குத் தெரியவில்லை.

இரவு பதினொன்றுக்கு இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். 'க்ளாட் டு பி அன்ஹாப்பி'யில் வயலின்கள் நேராக நிற்கின்றன. அந்த நேர்கோட்டின் மேல் அவர் குரல் வரும்போது, இத்தனை நாளாக அலையில் மூழ்கிப்போயிருந்த எல்லாம் மேலே வந்துவிட்டது. குரல் உடைகிறது, ஆம். சில இடத்தில் சுரம் பிடிபடாமல் காற்றாகப் போகிறது. ஒரு வரியின் நடுவில் மூச்சு வாங்குகிறார். வாங்க வேண்டிய இடம் அது கிடையாது, ஆனால் அந்த இடைவெளிக்குப் பிறகு வருகிற சொல் தனியாக நிற்கிறது. அதை மட்டும் மூன்று முறை ஊசியைத் தூக்கி வைத்துக் கேட்டேன்.

அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். இங்கிலீஷ் பாட்டு எதுவும் கேட்கிற வழக்கம் இல்லை அவருக்கு. "யாரு இந்தப் பாட்டி?" என்று கேட்டார். 42 வயது என்றேன். அப்புறம் ஒன்றும் பேசாமல் பக்கம் முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பழைய_ஷெல்லாக்

தூறல், மோனோ மறுபதிப்பு ஒன்றை நேற்று வாங்கினேன். நாலாவது முறை. பன்னிரண்டு பாட்டும் இருக்கிறது. 'யூவ் சேஞ்ட்' வரை கேட்டிருக்கிறேன், செல்லோக்காரி சொன்னபடி வயலின்களைப் பிடித்துக்கொண்டு. மீதியை நாளைக்குப் போடுகிறேன்.